7 ஓட்டுல தோத்தா ரீகவுண்டிங் குடுத்தே ஆகணுமா?

கடலோரத்தான்:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. 2019 டிசம்பர்ல நடந்த ஊராட்சித் தேர்தல்ல எங்க மாமா தலைவருக்கு நின்னு 7 ஓட்டுல தோத்தாக. மண்டபம் பக்கம், ஊர் பேரு வேணாம். ஜனவரி 2 காலைல ஆரம்பிச்ச எண்ணிக்கை எங்க ஊரு கட்டுக்கு வரும்போது நடுராத்திரி தாண்டிருச்சு, எங்க ஏஜெண்டுக பாதிப்பேரு செவுத்துல சாஞ்சு தூங்கிட்டாய்ங்க. முடிவ சொன்னதும் மாமா வெளிய வந்து ஒரு டீய குடிச்சிட்டு, மனசு கேக்காம திரும்ப உள்ள போயி ரீகவுண்டிங் கேட்டாக, அறிவிச்சாச்சு இனி கோர்ட்டுக்குத்தான் போகணும்னு அனுப்பிட்டாக. எதிராளிக்கு கட்சி செல்வாக்கு, அதான்னு இன்னைக்கும் சொல்லிட்டு இருக்காக. மறுபடி நிக்கப் போறாக, அதான் கேக்குறேன்.

தொண்டிக்காரன்:
தலைவர் பதவிக்கு கட்சி சின்னமே கெடையாதும்பாய்ங்க, ஆனா யாரு எந்த கட்சின்னு கைப்புள்ளைக்கும் தெரியும். சட்டம்லாம் பவர்ல இருக்கவனுக்குத்தான். ராதாபுரத்துல 2016 சட்டசபை தேர்தல்ல 49 ஓட்டுல திமுக அப்பாவு தோக்கலயா, ரீகவுண்டிங் குடுத்தாய்ங்களா?

வக்கீல்குமாஸ்தா:
தொண்டி தம்பி, பாதிக்கதைய சொல்லாதீங்க. அங்க பிரச்சனையே 203 தபால் ஓட்டு. அதுல சாட்சிக் கையெழுத்து போட்டது நடுநிலைப்பள்ளி ஹெட்மாஸ்டர், அது செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. 2019 அக்டோபர்ல ஹைகோர்ட் உத்தரவுல திரும்ப எண்ணவும் செஞ்சாங்க, ஆனா ரிசல்ட்ட வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை, அப்படியே 2021ல சட்டசபை காலமே முடிஞ்சிருச்சு. பக்கத்துல சிவகங்கை மட்டும் என்ன, 2009 எம்பி தேர்தல்ல ப.சிதம்பரத்துட்ட 3354 ஓட்டுல தோத்த ராஜகண்ணப்பன் அப்ப அதிமுக, அவர் போட்ட கேசு எம்பி காலம் முடிஞ்ச பெறகும் ஓடுச்சு, அதே ஆளு 2021ல நம்ம முதுகுளத்தூர்ல திமுக எம்எல்ஏ. தோத்தவன் ரீகவுண்டிங்ம்பான், ஜெயிச்சவன் ஓட்டு ரகசியம் போச்சும்பான், அடுத்த தடவ வசனத்த மாத்திக்குவாய்ங்க.

கடலோரத்தான், கேட்டா குடுத்தே ஆகணும்னு இல்ல. எம்எல்ஏ தேர்தலுக்கு தேர்தல் நடத்தை விதிகள்ல 63வது விதின்னு ஒன்னு இருக்கு, யாருக்கு எத்தன ஓட்டுன்னு மொத்தத்த படிச்சதும், அதிகாரி முடிவுத்தாள்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி காரணத்தோட எழுதிக் குடுக்கணும், அவர் மறுத்தாலும் ஏன்னு எழுதணும். பஞ்சாயத்துலயும் அறிவிக்கிறதுக்கு முந்தி கேட்டாத்தான் உண்டு. உங்க மாமா அந்த டீ குடிச்ச நேரத்துல போச்சு. பெறகு 45 நாளைக்குள்ள ஜில்லா கோர்ட், அங்கயும் வித்தியாசம் கம்மின்னு மட்டும் சொன்னா பெட்டிய தொறக்க மாட்டாங்க, எந்த பூத்து எந்த ஓட்டுன்னு கேப்பாங்க.

பழையஏஜெண்ட்:
குமாஸ்தா சொல்றது சரி, ஆனா சண்டையே மேசைல தான். தலைவர் ஓட்டுக்கு குடுக்குற ரோஸ் சீட்ட மை காயுறதுக்குள்ள மடிச்சிருப்பாக, பூட்டு சின்னத்துல குத்துன முத்திரை எதிர்ப்பக்கம் ஆட்டோ சின்னத்து மேலயும் லேசா ஒட்டியிருக்கும். ரெண்டு குத்து, செல்லாதுன்னு எதிராளி கத்துவான். திரும்ப மடிச்சுக் காட்டச் சொல்லணும், ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஒக்காந்துச்சுன்னா அது ஒரே குத்து தான், செல்லும். நான் ஒரு தடவ இதுலயே 4 ஓட்ட மீட்டேன். அம்பது அம்பதா கட்டும்போதும் கண்ண எடுக்காதீக, நம்ம சீட்டு அடுத்தவன் கட்டுக்குள்ள போயிரும். அப்பறம் சவுதில இருக்கவன் ஓட்டு விழுந்துச்சுன்னு பத்து நாள் கழிச்சு சொல்லி பிரயோசனமில்ல, ஓட்டு போட வந்தப்பவே இது அவன் இல்லன்னு பூத்துலயே சேலஞ்ச் பண்ணணும்.

கடலோரத்தான்:
மாமாட்ட வாசிச்சுக் காட்டுனேன், டீ விசயத்துக்கு மட்டும் ஒன்னும் சொல்லல. இந்த தடவ நீதான் ஏஜெண்டுங்குறாக, எனக்கு பத்து மணிக்கு மேல கண்ணு நிக்காது, அதுக்கு எதும் விதி இருக்காண்ணே?