ஔவை சண்முகி பார்த்த இரவு: மலையகத்து உறவுகளே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

லிந்துலைக்காரன்:

போன கிழமை டீவியில் மறுபடியும் போட்டார்கள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். 1996 தீபாவளிக்கு வந்த படம். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த வருடம் திருவிழாவுக்குத்தான் கேசட் வந்தது. கோயிலுக்கு முன்னால் படங்கு கட்டி, வாடகை டெக், வாடகை டீவி, ஜெனரேட்டர். விடியவிடிய மூன்று படம், இது இரண்டாவது. எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஐந்து. அப்பா அப்போது எங்களோடு இல்லை. கொழும்புக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டார். அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்.

கோர்ட்டில் பிள்ளையைத் தாயிடம் கொடுத்த பிறகு, கமல் நடித்த பாண்டியன் கிழவி வேஷம் கட்டிக்கொண்டு தன் பிள்ளையையே பார்த்துக்கொள்ள வருகிறார் அல்லவா, அங்கிருந்து தங்கச்சி சிரிக்கவே இல்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை அம்மா கொழுந்துக்குப் போகும்போது வழக்கம்போல் அவளைப் பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டார். அங்கே இருந்த ஆயா நல்ல உயரம், தடித்த குரல், பெரிய கொண்டை. மத்தியானம் அவர் குனிந்து பால் ஊற்றும்போது தங்கச்சி பின்னால் போய் இரண்டு கையாலும் அந்தக் கொண்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஆயா கத்தியிருக்கிறார். இவள் விடவில்லை. "கழட்டுங்க அப்பா, கழட்டுங்க" என்று இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பொழுதுபட்டு ஆயா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் அழுதுவிட்டார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ரொட்டி கருகிய வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இப்படி இந்தப் படம் வேறு யாரையாவது தொட்டிருக்கிறதா?


ஊவா மழை:

அண்ணா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. எனக்கும் ஒன்று இருக்கிறது, ஆனால் வேறு விதம்.

என் பெரிய மாமா எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பதினான்கு வருடம் ரதி கட்டியவர். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மாசியில் காமன் நட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுவது. ரதிக்கும் ஆண்தான் வேஷம் கட்டுவார். மதனை எரித்த பிறகு ரதி புலம்பும்போது லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பொம்பளைகள் எல்லாம் சேர்ந்து அழுவார்கள். புலம்புவது பக்கத்து லயத்து ஆம்பிளை என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. மற்ற நாளில் மாமா தேயிலை ஃபாக்டரியில் வேலை, மீசை வேறு. மாசி பிறந்தால் மீசை போய்விடும்.

மாமா ஔவை சண்முகி பார்க்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் அந்த மாமி பின்னால் அலைவதற்குச் சிரிக்கிறார்கள். மாமா சிரிக்காமல் நடையை மட்டும் பார்க்கிறார். சண்முகி மாமி உட்காரும் ஓர் இடத்தில், இருட்டில் மாமாவின் கை தானாகப் போய்த் தோளில் இல்லாத முந்தானையை இழுத்துச் சரிசெய்தது. அவருக்கே தெரிந்திருக்காது. நான் பார்த்தேன். அவர் ரதி கட்டுவதை நிறுத்தி அப்போது மூன்று வருடம்.

ஆம்பிளை பொம்பளை வேஷம் போட்டாலே கேலி என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஔவை சண்முகி என்ற பெயரே மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே.சண்முகத்தின் பெயர்தான். சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. கமல் சிறு வயதில் அவருடைய நாடகக் குழுவில் இருந்தவர். முகத்துக்கு மேக்கப் போட்டவர் அமெரிக்காவில் இருந்து வந்த மைக்கேல் வெஸ்ட்மோர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நடையும், அந்தக் கை மடியில் விழும் விதமும் நம் மேடையில் இருந்து வந்தவை. மாமா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.


பண்டாரவளை அம்மா:

எல்லோரும் பாண்டியன் பக்கமே நின்று பேசுகிறீர்கள். லிந்துலைத் தம்பி, உங்கள் தங்கச்சியை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அப்பா வேஷம் கட்டிக்கொண்டு வரவில்லை. கூடவே இருந்தது உங்கள் அம்மா. படத்தில் பாண்டியனின் மனைவி ஜானகி கேட்பதில் என்ன தப்பு? பொறுப்பில்லாத புருஷனோடு இருக்க முடியாது என்கிறாள். அதற்காகக் கடைசி வரை அவளையே படம் பார்க்கிறவர்கள் கோபமாகப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் என் மாமியார் டீவியைப் பார்த்து அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அது யாருக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

பிறகு நான் விவாகரத்து வாங்கி, மகனோடு தனியாக வந்துவிட்டேன். அவனுக்குப் பதினொரு வயதில் 1993இல் வந்த அந்த இங்கிலீஷ் படத்தை, மிஸஸ் டவுட்ஃபயரை, யாரோ பென் டிரைவில் கொடுத்தார்கள். அதே கதை. பிள்ளைகளைப் பார்க்க முடியாத தகப்பன் ஆயாவாக வருகிறான். ஆனால் முடிவு வேறு. தமிழில் குடும்பம் சேர்ந்துவிடும். அதில் சேர மாட்டார்கள். தகப்பன் அந்த ஆயா வேஷத்திலேயே டீவி நிகழ்ச்சி நடத்துவான். தாய் தகப்பன் பிரிந்துபோன ஒரு பிள்ளை எழுதிய கடிதத்துக்கு அதில் பதில் சொல்வான். தாயும் மனம் இறங்கி, அவன் பிள்ளைகளைத் தினமும் பார்க்க விடுவாள். ஆனால் வீடு இரண்டுதான்.

படம் முடிந்தது. மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம வீடு இங்கிலீஷ் படம் மாதிரியாம்மா, தமிழ்ப் படம் மாதிரியாம்மா?" என்று கேட்டான்.

நான் இங்கிலீஷ் படம் என்று சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். அந்த "சரி"யை நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரவு இரண்டு தடவை எழும்பிப் போய் அவன் தூங்குகிறானா என்று பார்த்தேன்.


சமாதான நீதவான், ஹட்டன்:

நான் இந்தப் படத்தைச் சக்தி டீவியில் மனைவியோடு பார்த்தேன். கோர்ட் காட்சி வந்ததும், "இப்படியா நடக்கும்?" என்று மனைவி கேட்டார். இப்படி நடக்காது என்று சொன்னேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் பண்டாரவளைச் சகோதரி எழுதியதைப் பார்த்ததும் சில விடயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நம் பொது விவாகச் சட்டம் 1907ஆம் ஆண்டினுடையது. அதன்படி "இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை" என்று சொன்னால் மட்டும் விவாகரத்து கிடைக்காது. கள்ள உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். கண்டிச் சிங்களவர்களுக்கான கண்டியச் சட்டத்தில் கலியாணம் முடித்தவர்கள் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரியலாம். நாம் அதே மலையில் இருந்தாலும் அந்தச் சட்டம் நமக்கு இல்லை. வழக்குப் போட வேண்டியது மாவட்ட நீதிமன்றத்தில். முதல் தீர்ப்பு வந்த உடனே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 3 மாதம் கழித்து அது முழுமையான தீர்ப்பாக வேண்டும். அதற்கு முன் மறுமணம் செய்து சிக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. தோட்டங்களில் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் இருக்கிறவர்கள் பலர். பிரிகிற நேரத்தில்தான் கடதாசி இல்லாத கஷ்டம் தெரியும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவார்கள். பிள்ளையைப் பார்க்கும் நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் கட்டளையில் எழுத்தில் வாங்குங்கள். "நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்து பார்க்கலாம்" என்று வாயால் பேசியது தீபாவளி அன்றைக்குத்தான் சண்டையாக வரும்.


பண்டாரவளை அம்மா:

ஐயா, எனக்குத் தீர்ப்பு முழுமையாகி ஆறு வருடம் ஆகிறது. நான் மகன் கேட்ட கேள்வியைத்தான் எழுதினேன்.


மஸ்கெலியா 2:

ஐயா சொன்னது வேறு யாருக்காவது உதவும், இருக்கட்டும். நான் ஊவா மழைக்குத்தான் பதில் எழுத வந்தேன். வேஷத்தில் ஒரு பெருமை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வேஷமும் அப்படி இல்லை, தங்கச்சி.

அந்தப் படத்தில் எனக்கு நினைவில் நிற்பது சண்முகி இல்லை, நாசர். பாண்டியனின் முஸ்லிம் கூட்டாளி பாஷா, தான் யார் என்பதை மறைத்து, ஐயர் வீட்டுக்குச் சமையலுக்குப் போகிறான். வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊமையாக நடிக்கிறான்.

எங்கள் அப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கொழும்பில் தமிழ் ஆட்களை எப்படிச் சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் இரண்டு வார்த்தை பேசினால் தோட்டத்து ஆள் என்று விளங்கிவிடும். அதனால் பஸ்ஸில் பேசவே மாட்டாராம். காசைக் கையில் சரியாக எண்ணி வைத்துக்கொண்டு, இறங்கும் இடத்தை விரலால் காட்டுவாராம். கண்டக்டர்கள் அவரை ஊமை என்றே நினைத்துக்கொண்டார்களாம். இரண்டு வருடம்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. லயத்தில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கிறோம், நாசர் கையைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. வெளியே மூடுபனியில், போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போய்ப் பாரு, நான் வாரேன்" என்றார். வரவில்லை. பஸ் கதையை அம்மாதான் சொன்னார், அப்பா செத்த பிறகு.


பொகவந்தலாவை மகள்:

லிந்துலை அண்ணா, படத்தில் சண்முகி யார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். உங்கள் தங்கச்சியும் அப்படித்தான் தேடியிருக்கிறாள். பிள்ளைக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லையே. அதைத்தான் எழுத வந்தேன்.

அம்மா 1999இல் குவைத்துக்குப் போனார். அப்போது எனக்கு மூன்று வயது. அம்மாயிதான் வளர்த்தார். அங்கே அம்மா செய்ததும் அதே சண்முகி வேலைதான், வேறொரு வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவைப்பது. நான்கு வருடம் கழித்து வந்தார். வேனில் இருந்து ஒரு பொம்பளை இறங்கினார். வெள்ளையாகிப் போயிருந்தார், தலையில் முக்காடு, செண்ட் வாசனை. கையை நீட்டினார். நான் அம்மாயியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "யாரு அம்மாயி இந்த ஆன்ட்டி?" என்று கேட்டேன். லயமே கேட்டது.

அம்மா அந்த முக்காட்டைக் கழற்றிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்றார். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஆயாவின் கொண்டையை வாசித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

அந்தப் படத்தை அம்மாவோடு ஒரு தடவைதான் பார்த்தேன். பட்டாசு வெடித்துக் காயப்பட்ட பிள்ளையைச் சண்முகி தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் அம்மா சொன்னார், "அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் இப்படித்தான் தூக்கிட்டு ஓடினேன்." பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அம்மை போட்டது அதே வருடம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.


ஊவா மழை:

மஸ்கெலியா அண்ணா, நீங்கள் சொன்னது சரி. நான் மாமாவை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன்.


லிந்துலைக்காரன்:

எல்லோரும் எழுதியதை நேற்று இரவு தங்கச்சிக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். அவள் இப்போது கம்பளையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பண்டாரவளை அக்கா சொன்னதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அப்பாவைத் தேடி இழுத்தது அவளுக்கு ஞாபகமே இல்லையாம். கொண்டை அவிழ்ந்து முடி முழுக்க இவள் முகத்தில் விழுந்ததும், அந்தத் தேங்காய் எண்ணெய் வாசமும்தான் ஞாபகமாம். அதற்குப் பிறகு அந்த ஆயா தினமும் மத்தியானம் திரிபோஷா சத்துமா பிசைந்து கொடுத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு இவள் பக்கத்தில் படுப்பாராம். இவள் ஒரு பிடி முடியைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குவாளாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை அப்படித்தானாம்.

இது எனக்கு நேற்றுத்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க அம்மா இல்லை. ஆயா இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாராம், கண் பார்வை குறைவாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.