"இந்தச் செலவுக்கு வரவு எங்கே?" என்று முதலாளி கேட்டபோது

கோவை, மக்கள் தொடர்பு ஆலோசகர்:

மக்கள் தொடர்புக்குச் செய்யும் செலவால் என்ன பயன் என்று முதலாளிகள் கேட்பது பற்றி, பம்ப்செட் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தை இங்கே பகிர்கிறேன். முதல் சந்திப்பில், எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அதன் தலைவர் கேட்டது ஒன்றுதான்: "மாசம் எத்தனை பேப்பர்ல நம்ம பேரு வரும், தம்பி?" ஒப்பந்தம் கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தில் நானும் ஓர் எண்ணிக்கையைச் சொல்லி ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு பதிலால், ஓராண்டுக் காலம் நான் செய்தித் துணுக்குகளை வெட்டி ஒட்டும் ஆளாக மட்டுமே அவருக்குத் தெரிந்தேன்.

மாதக் கடைசியில், வெளியான செய்திகள் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் என்ன கட்டணமோ அதைக் கொண்டு பெருக்கி, 'இத்தனை லட்சம் ரூபாய் மதிப்பு' என்று அறிக்கை தருவேன். எங்கள் தொழிலில் அன்று பலரும் செய்துவந்ததுதான் அது. ஆண்டு இறுதியில் அங்கிருந்த கணக்காளர், கேலி சிறிதும் கலக்காமல், இந்த லட்சங்களை எந்தத் தலைப்பில் வரவு வைக்க வேண்டும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விளம்பரக் கட்டணத்துக்கு ஈடுகட்டும் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று, இத்துறையின் அளவீட்டு வல்லுநர்கள் 2010ஆம் ஆண்டிலேயே பார்சிலோனாவில் கூடி அறிவித்திருந்ததைப் பிறகுதான் படித்தேன். ஐந்தொகை எழுதியே பழகிய அந்த மனிதர் எந்த மாநாட்டுக்கும் போகாமலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார்.

இரண்டாம் ஆண்டில், செய்தித் துணுக்குக் கோப்பு இல்லாமல் தலைவரின் அறையில் அமர்ந்து, நம்மைப் பற்றி வெளியே இருப்பவர்கள் நினைத்த ஏதோ ஒன்றால் சென்ற ஆண்டு தடைபட்ட வேலைகள் எவை என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பொறியியல் கல்லூரிகளில் தேர்வு செய்யப்பட்ட மாணவர்கள் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்விட்டது, குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கப்போகிறது என்ற வதந்தியை நம்பி வடமாநில விற்பனையாளர் ஒருவர் சரக்கெடுப்பதைக் குறைத்துக்கொண்டது, உலோகத்தை உருக்கி வார்க்கும் எங்கள் வார்ப்பாலையின் விரிவாக்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் வேலை ஏழு மாதம் நின்றது என்று வரிசையாகச் சொன்னார். அந்த ஏழு மாதத்துக்கு வங்கிக்குக் கட்டிய வட்டியைத் தாளில் தாமே எழுதிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடாமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார். என் வேலையின் விலையை நான் சொல்ல வேண்டிய தேவை அதோடு போயிற்று.

அந்த ஆண்டு நாங்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. ஊர்ப் பெரியவர்களையும் பெண்கள் சுயஉதவிக் குழுவினரையும் வார்ப்பாலைக்குள் அழைத்து, தூசியைப் பிடிக்கும் கருவி ஓடுவதை நேரில் காட்டினோம். நிலத்தடி நீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும், எங்களுக்குச் சாதகமில்லாத ஓர் அளவையும் மறைக்காமல் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினோம். இதற்குத் தலைவரை இணங்க வைக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று. செய்தித் துணுக்குக் கோப்பு அந்த ஆண்டு பாதியாக மெலிந்தது. ஆனால் ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது அவர் அதைக் கேட்கவே இல்லை.

"வம்பு வந்தா அப்பப் பாத்துக்கலாம்" என்பது அவருடைய இன்னொரு நிலைப்பாடு. அதற்கு நான் மேகி நூடுல்ஸ் விவகாரத்தை எடுத்துச் சொன்னேன். 2015ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது உண்மைதான். எனினும், காரீயம் இருக்கிறதாமே என்று வீட்டுக்கு வீடு பேச்சு கிளம்பிய முதல் சில வாரங்களில், 'எங்கள் பொருள் பாதுகாப்பானது' என்ற ஒற்றை வரிக்கு மேல் தாய்மார்களுக்கு விளங்கும்படி எவரும் பேசவில்லை என்பதே என் கணிப்பு. தலைவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நம்ம மோட்டார்ல ஷாக் அடிச்சுத் தோட்டத்துல ஒரு ஆள் போயிட்டா, அன்னைக்கு யாரு பேசறது?" என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்து, முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் குடும்பத்திடம் யார் போவது, நிருபர்களிடம் யார் பேசுவது, எது தெரியாதோ அதைத் தெரியாது என்றே எப்படிச் சொல்வது என்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டது.

திருப்பூர், ஏற்றுமதி நிறுவன முன்னாள் ஊழியர்:

மேலே உள்ளதைப் படித்ததும் எனக்கு 2011 ஜனவரி நினைவுக்கு வந்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. துணிக்குச் சாயமிட வழியில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், எங்கள் எம்.டி. "கோர்ட் விஷயம், வாயைத் திறக்காதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐரோப்பாவில் இருந்த எங்கள் வாடிக்கையாளர் செய்தியைப் படித்துவிட்டுத்தான் எங்களை அழைத்தார். பட்டறை மூடியது அவருக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. அதைத் தம் மேலதிகாரி தமக்கு முன்பே படித்துவிட்டார் என்பதே அவருக்கு ஆறாத வருத்தம். அடுத்த பருவத்துக்கான ஆர்டர் எங்களுக்கு வரவில்லை. மக்கள் தொடர்பு என்றால் பத்திரிகையோடு உள்ள தொடர்பு என்று நினைத்திருந்த எம்.டி., வாங்குபவருக்கு வாரந்தோறும் ஒரு பக்க நிலவர மடல் போக வேண்டும் என்று அதன்பின் தாமே கட்டளையிட்டார். அதை எழுதியவன் நான்.

ஓசூர், சிறுதொழில் உரிமையாளர்:

முதலாளி தரப்பிலிருந்து ஒரு சொல். எங்களுக்குப் புரியவில்லை என்று நீங்கள் அனைவரும் எழுதுகிறீர்கள். ஆனால் எங்களைத் தேடி வருபவர்கள் எதை விற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த முதல் நிறுவனம் நட்சத்திர ஹோட்டலில் பிரஸ் மீட் வைத்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அன்பளிப்புப் பையோடு புறப்பட்டார்கள், செய்தி வரவில்லை. இரண்டாவது நிறுவனம், 'ஆண்டின் சிறந்த தொழில்முனைவோர்' விருதுக்கு நான் தேர்வாகியிருப்பதாகச் சொல்லிவிட்டு, விழாவில் ஒரு மேசைக்கு நான் கட்ட வேண்டிய தொகைக்கான பில்லை மறுநாள் அனுப்பியது. அவற்றுக்குப் பிறகு மக்கள் தொடர்பு என்ற சொல்லைக் கேட்டாலே கசந்தது.

பிறகு ஒருவர் வந்தார். புதிய இயந்திரம் வாங்கியதைப் பெரிய செய்தியாக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "இரண்டு மாதத்துக்கு முன்புதான் முப்பது பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள், இப்போது இது வேண்டாம், ஐயா" என்று முகத்துக்கு நேரே மறுத்தார். அன்று எனக்குக் கோபம் வந்தது. என் சொந்த மேலாளர்களில் எவருக்கும் அதைச் சொல்லும் துணிவு இருந்ததில்லை என்பது அன்று இரவுதான் உறைத்தது. அந்த மாதம் எங்களைப் பற்றி ஒரு வரியும் எங்கும் வரவில்லை. அவருடைய பில்லை மறுபேச்சின்றித் தீர்த்தேன்.