வேக்குவம் ஹோஸ் லீக்: மலை வண்டிகளில் பார்த்தது, பிடித்தது, மாற்றியது

அடிவாரம் ஒர்க்‌ஷாப்

ஏற்காடு ஏறி இறங்குற வண்டிகளோட புகார் பெரும்பாலும் "ஐட்லிங் நிக்கலை, இழுவை இல்லை, பிரேக் கட்டையா இருக்கு" இந்த மூணுக்குள்ள அடங்கிடும். பல நேரம் மூணுக்கும் காரணம் ஒரு முழ ரப்பர் குழாய்தான், இன்ஜினோட உறிஞ்சலை (வேக்குவம்) கொண்டு போற வேக்குவம் ஹோஸ். உங்க கைக்கு வந்த கேஸ்களை இங்கே போடுங்க. வண்டி என்ன பண்ணுச்சு, ஓட்டை எங்கே, எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க, என்ன மாத்துனீங்க. "ஹோஸ் எல்லாம் செக் பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதுனா யாருக்கும் உபயோகமில்லை.

முதல் கேஸ்: பெட்ரோல் கார், ஏர் ஃப்ளோ சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தை அளக்கிறது) உள்ளது. ஐந்து ரோடு சிக்னலில் ஏசி போட்டு நின்னா ஐட்லிங் 600க்கும் 1,100க்கும் நடுவுல ஆடி ஆஃப் ஆகும். ஓட ஆரம்பிச்சா ஒரு குறையும் தெரியாது. ஸ்கேனரில் பி0171, அதாவது பெட்ரோல் பத்தலை, காத்து அதிகம். முதல்ல பார்க்க வேண்டியது ஃப்யூயல் ட்ரிம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற கணக்கு. ஐட்லிங்கில் லாங் டெர்ம் +18, அதே வண்டியை 2,500 ஆர்பிஎம்மில் பிடிச்சா +4. இந்த இறக்கம்தான் வேக்குவம் லீக்கோட கையெழுத்து. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கிற காத்தே கொஞ்சம், அதனால ஓட்டை வழியா திருட்டுத்தனமா வர்ற காத்து பெரிய பங்கு ஆயிடுது. த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் மிதிச்சா திறக்கிற காத்துக் கதவு) திறந்ததும் அதே ஓட்டை ஒண்ணுமில்லாம போயிடும். இதுக்கு நேர்மாறா ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறுச்சுன்னா ஹோஸைத் தொடாதீங்க. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போங்க.

ஓட்டை இருந்தது பிசிவி ஹோஸில் (இன்ஜின் அடியில் சேர்ற ஆயில் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கிற குழாய்), எல்போ வளைவோட அடிப்பக்கம். மேலே இருந்து பார்த்தா புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. விரல் நகத்தை அடியில வச்சு இழுத்தப்ப ஒரு வெடிப்பில் மாட்டுச்சு. ஹோஸைக் கொஞ்சம் வளைச்சா வாயைத் திறக்குது, விட்டா மூடிக்குது. ஆயில் ஆவி படுற ரப்பர் முதல்ல ஊறிப் போய் அப்புறம் சூட்டில் காய்ஞ்சு வெடிக்கும், அதுவும் எண்ணெய் தேங்குற அடிப்பக்கம்தான். கண்ணால பார்த்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடற இடம் இது.

குகை பெட்ரோல்

மேலே சொன்னது ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குச் சரி. மேப் சென்சார் மட்டும் வச்சு ஓடுற வண்டிகளில் அதே ஓட்டை வேற முகம் காட்டும், இதுலதான் நிறையப் பேர் சறுக்குறாங்க.

மேப் சென்சார் மேனிஃபோல்டுக்குள்ள (சிலிண்டர்களுக்குக் காத்து போற பாதை) இருக்கிற அழுத்தத்தை நேரா அளக்குது. காத்து த்ராட்டில் வழியா வந்தாலும் ஓட்டை வழியா வந்தாலும் கணக்கில் சேர்ந்துடும், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதுக்குத் தகுந்த பெட்ரோலும் ஊத்திடும். அதனால பி0171 வராது, ட்ரிம்மும் பெருசா ஓடாது. ஐட்லிங்தான் ஏறும். ஈசியூ ஐடில் வால்வை (ஐட்லிங்குக்குக் காத்து விடுறது) மூடிப் பார்க்கும். ஓட்டை சின்னதுன்னா சமாளிச்சிடும், வெளியே ஒண்ணும் தெரியாது. ஓட்டை பெருசானா வால்வு முழுசா மூடியும் 1,300, 1,400ல நிக்கும். பி0507 வந்தா அதான் அர்த்தம். ஸ்கேனரில் ஐடில் வால்வு ஸ்டெப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், ஐட்லிங் மட்டும் உயரத்தில்: லீக். இந்த நிலைமையில் வேக்குவம் கேஜ் நல்ல ரீடிங்கே காட்டலாம், அதை நம்பி வண்டியை அனுப்பிடாதீங்க.

இதுக்கு விதிவிலக்கு, மேப் சென்சார் ஃபயர்வாலில் (இன்ஜின் அறையோட பின்சுவர்) மாட்டியிருந்து, மேனிஃபோல்டில் இருந்து அதுக்கு ஒரு சின்ன ட்யூப் போற பழைய எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வண்டி. அந்த ட்யூபே வெடிச்சா சென்சாருக்கு வெளிக்காத்து தெரியும். முழு லோடில் ஓடுறோம்னு ஈசியூ நினைச்சுக்கும். கருப்புப் புகை, கரி பிடிச்ச ப்ளக், பெட்ரோல் நாத்தம். "இன்ஜெக்டர் ஒழுகுது"ன்னு இன்ஜெக்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி அந்த ட்யூபை நுனியில் கிள்ளிப் பாருங்க. நுனி கெட்டியாகி லூசா இருந்தா ஒரு சென்டிமீட்டர் வெட்டிட்டு மறுபடி ஏத்தலாம், நீளம் பத்துச்சுன்னா. நடுவுல வெடிப்பு இருந்தா முழுசா மாத்துங்க.

ஒண்டிக்கடை எஸ்டேட்

ஒரு சந்தேகம். மேப் சென்சார் உள்ள பெட்ரோல் ஜீப், ஏற்காட்டிலேயே ஓடுறது. வேக்குவம் கேஜ் ஐட்லிங்கில் 15 இன்ச் (பாதரசக் கணக்கு) காட்டுது, முள் ஆடலை. 17க்குக் கீழே போனா லீக்னு சார்ட்டில் இருக்காம், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் மாத்தணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகுது, பெட்ரோல் போட்ட கையோட ஸ்டார்ட் பண்ணினா இன்னும் மோசம். ஹோஸ் எல்லாம் பார்த்தாச்சு.

இருபதாம் வளைவு

கேஸ்கெட்டைத் தொட விடாதீங்க. 17 முதல் 21 இன்ச்ங்கிறது கடல் மட்டத்துக் கணக்கு. 1,000 அடி ஏறினா ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்தில் 19 காட்டுற நல்ல இன்ஜின் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிச்சதும் 15தான் காட்டும். இன்ஜின் கெடலை, வெளியே இருக்கிற காத்தே லேசாயிடுச்சு. கேஜ் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும்.

மலையில் கேஜை விட ஸ்கேனரில் மேப் ரீடிங் நம்பகமானது, ஏன்னா அது முழு அழுத்தத்தைச் சொல்லும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம கீயை மட்டும் ஆன் பண்ணுங்க. ஏற்காட்டில் 84, 85 கிலோபாஸ்கல் வரணும், சேலத்தில் 98 பக்கம். அது வந்தா சென்சார் சரி. அப்புறம் சூடான இன்ஜினில், ஏசி ஆஃப், ஐட்லிங்கில் 30 முதல் 40க்குள்ள இருந்தா மேலேயும் சரி, கீழேயும் சரி. உயரம் மாறினாலும் இந்த ஐட்லிங் எண் பெருசா மாறாது.

பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட்டிங் மோசம்னு சொன்னீங்களே, அது பர்ஜ் வால்வு வாடை அடிக்குது. டேங்க் ஆவியை கேனிஸ்டரில் (ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி டப்பா) இருந்து மேனிஃபோல்டுக்கு விடுற வால்வு அது. மூடாம நின்னுட்டா ஹோஸ் ஓட்டை மாதிரியேதான், ஆனா ஹோஸில் ஒரு கீறல் இருக்காது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, வால்வோட கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழட்டி விரல் வைங்க. குளிர்ந்த ஐட்லிங்கில் உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினா வால்வு போயிடுச்சு.

கொண்டலாம்பட்டி டீசல்

டீசல்காரங்களையும் சேர்த்துக்குங்க. டீசலில் மேனிஃபோல்ட் வேக்குவத்தை நம்ப முடியாது, தனி பம்ப் உண்டு. பல வண்டிகளில் பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்கு பலம் கூட்டுறது), இஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுற வால்வு), விஜிடி டர்போ ஆக்சுவேட்டர் (டர்போ இறக்கைகளை அசைக்கிறது) மூணும் அதுலதான் தொங்குது. லீக் இருந்தா ஐட்லிங் கெடாது, டர்போதான் படுத்துடும். ஊருக்குள்ள யாருக்கும் தெரியாது. வளைவில் செகண்ட் கியரில் ஏறும்போது பூஸ்ட் வராம, செக் லைட் போட்டு வண்டி லிம்ப் மோடுக்கு (கம்ப்யூட்டரே பவரைக் குறைச்சுடற நிலை) போயிடும். "டர்போ மாத்தணும்"னு எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க:

பம்ப் நிப்பிளில் நேரா கேஜ் மாட்டுங்க. சேலத்தில் ஐட்லிங்கில் சில நொடியிலேயே 24 இன்ச் தாண்டணும். ஏற்காட்டில் 21, 22 வந்தாலே சந்தோஷப்படுங்க, அங்கே மொத்தக் காத்தழுத்தமே 25 இன்ச்தான். பம்ப் நல்லதுன்னா அடுத்த ஹோஸை மாட்டி அதன் முனையில் கேஜ், அப்படியே ஒவ்வொரு கிளையா. முள் எங்கே விழுதோ அந்தக் கிளையில்தான் ஓட்டை. கடைசியா கை பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி 20 இன்ச் வரை இழுத்து ஒரு நிமிஷம் விடுங்க. முள் நகரக் கூடாது, ராடு தடங்கலில்லாம போய் வரணும்.

ஆல்டர்னேட்டர் பின்னாடியே வேக்குவம் பம்ப் இருக்கிற பழைய டீசல் வண்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இறக்கத்தில் சார்ஜ் லைட் எரிஞ்சா அது பேட்டரி சமாச்சாரம் மட்டும் இல்லை. பெல்ட் அறுந்திருந்தா பூஸ்டரும் போச்சு.

அடிவாரம் ஒர்க்‌ஷாப்

பூஸ்டருக்கு வந்ததால சொல்றேன். பிரேக் கட்டையா இருக்குன்னதும் எல்லாரும் பேடைக் கழட்டுறாங்க. முதல்ல இன்ஜினை அணைச்சுட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சு இறுக விடுங்க. கால் எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்கலைன்னா வேக்குவம் வரலை. இறங்குச்சுன்னா ஒரு நிமிஷம் ஓட விட்டு அணைச்சு, ரெண்டு நிமிஷம் கழிச்சு மிதிங்க. ரெண்டு மிதியாவது மெத்துன்னு போகணும். முதல் மிதியே கட்டைன்னா செக் வால்வு பிடிக்கலை, அல்லது ஹோஸில் லீக். செக் வால்வைக் கழட்டி வாயால ஊதுங்க. பூஸ்டர் பக்கத்தில் இருந்து ஊதினா போகணும், இன்ஜின் பக்கத்தில் இருந்து ஊதினா போகக் கூடாது.

எல்லாம் சரி, ஆனா அடுத்தடுத்து மிதிச்சா மூணாவது மிதி கட்டையாகுதா? ஹோஸ் உள்பக்கம் பாருங்க. வெளித்தோல் நல்லா இருக்கும், உள் லைனிங் பிரிஞ்சு ஒரு நாக்கு மாதிரி தொங்கி வழியை அடைச்சிருக்கும். கேஜில் இது தெரியாது, ஏன்னா காத்து ஓடாம நிக்கும்போது அழுத்தம் சமமாயிடும். ஹோஸைக் கழட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சா உடனே தெரியும்.

மேலே இருந்து இறங்கும்போது செகண்டில் இறங்கச் சொல்றது இன்ஜின் பிரேக்குக்கு மட்டும் இல்லை. த்ராட்டில் மூடி இன்ஜின் சுத்தும்போது பெட்ரோல் வண்டியில் வேக்குவம் ஐட்லிங்கை விட அதிகமா கிடைக்கும், உயரத்தில் குறைஞ்ச அந்த நாலு இன்ச்சை ஓரளவு ஈடு கட்டிடும். நியூட்ரலில் இன்ஜினை அணைச்சுட்டு உருளுறவங்களுக்கு மிஞ்சுறது ரெண்டு மூணு மிதிதான். வளைவு இருபது.

அழகாபுரம் ஏசி எலக்ட்ரிக்கல்

தேடுற முறை பத்தி. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஆர்பிஎம் ஏறுதான்னு பார்க்கிறது எல்லாரும் பண்றது. ஆனா சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும். ஹோஸோட அடிப்பக்கம் மறைஞ்சிருக்கிற வெடிப்புக்கும் போய்ச் சேராது. முதல்ல சாதா தண்ணி ஸ்ப்ரே பாட்டில். லீக் இருக்கிற இடத்தில் சீறல் சத்தம் மாறும். அப்புறம் ஹோஸ்களை ஒவ்வொண்ணா, துணி சுத்தின ப்ளையரில் அழுத்திப் பிடிங்க. எதை அழுத்தினா ஐட்லிங் சமமாகுதோ அதுக்கு அந்தப் பக்கம்தான் பிரச்சினை. காய்ஞ்ச ஹோஸை இப்படி அழுத்தினா உடையும், உடையட்டும், எப்படியும் மாத்தப் போறதுதான்.

கடைசி வழி ஸ்மோக் மெஷின். இன்ஜின் ஆஃப், ஏர் ஃபில்டர் வாயை அடைச்சு, பூஸ்டர் ஹோஸ் வழியா புகை. அழுத்தம் 1 பிஎஸ்ஐக்கு மேல வேண்டாம், கம்ப்ரஸரை நேரா வைக்கவே வேண்டாம், நல்ல சீலும் போயிடும். டிப்ஸ்டிக், ஆயில் மூடி வழியா புகை வந்தா அதுவும் லீக்தான், அந்த ஓ-ரிங்கை மாத்துங்க.

மலையில் ராத்திரி நிறுத்துற வண்டிக்கு எலி ஒரு தனி அத்தியாயம். காபித் தோட்டப் பக்கம் நின்ன வண்டின்னா முதல்ல பேட்டரி ட்ரே அடியில் கை விட்டுப் பாருங்க. ரெண்டு வரிசைப் பல் தடம் இருந்தா ஸ்கேனரே வேண்டாம்.

பழைய பென்ஸ்

ஒரு வரி. பழைய பென்ஸ் டீசலில் கீயைத் திருப்பி எடுத்தாலும் இன்ஜின் அணையலைன்னா வயரிங்கைத் தேடாதீங்க. நிறுத்துறதே வேக்குவம்தான். டோர் லாக்குக்குப் போற ட்யூபில் லீக் இருந்தாலும் இன்ஜின் நிக்காது.

குகை பெட்ரோல்

மாத்துற ஹோஸ் பத்தி யாரும் சொல்லலை. கலர் கலரா சிலிகான் ஹோஸ் கிடைக்குது, சூடு தாங்கும், மேப் ட்யூபுக்கு நல்லது. பிசிவி, பர்ஜ் லைனுக்குப் போடாதீங்க, ஆயிலும் பெட்ரோல் ஆவியும் பட்டா சிலிகான் ஊதி மெத்துன்னு ஆயிடும். அங்கே ஆயில் தாங்குற நைட்ரைல் ரப்பர்தான். ஏசி ட்ரெயின் ட்யூப், மீன் தொட்டி ட்யூப் எதுவும் வேண்டாம். சுவர் மெல்லிசு, சூட்டில் உறிஞ்சி ஒட்டிக்கும்.

அளவு: நிப்பிள் 4 மில்லின்னா 3.5 மில்லி உள்விட்டம் எடுங்க. பூஸ்டருக்கு நூல் பின்னல் உள்ள வேக்குவம் ஹோஸ் மட்டும், பழைய ஹோஸ் துண்டைக் கடைக்குக் கொண்டு போங்க. மாட்ட கிரீஸ் தடவாதீங்க, சோப்புத் தண்ணி போதும். பிளாஸ்டிக் நிப்பிளில் ஸ்க்ரூ க்ளாம்பை இறுக்கினா நிப்பிள் உடையும், ஸ்ப்ரிங் க்ளாம்ப் போடுங்க. எம்-சீல் பூசின ஹோஸ் வண்டி ஒரு தடவை சூடாகி ஆறினதும் பிளந்துக்கும். ரப்பர் அசையும், அது அசையாது.

ஒண்டிக்கடை எஸ்டேட்

கீ ஆனில் 84, ஐட்லிங்கில் 36. குளிர்ந்த இன்ஜினில் பர்ஜ் வால்வு விரலை இழுக்குது. கனெக்டரைக் கழட்டின பிறகும் இழுக்குது.

இருபதாம் வளைவு

கனெக்டர் இல்லாமலும் இழுத்தா வால்வு உள்ளேயே திறந்து நிக்குது, மாத்துங்க. மாத்தும்போது கேனிஸ்டர் பக்க ஹோஸைத் தட்டிப் பாருங்க. கருப்புக் கரித் தூள் கொட்டினா கேனிஸ்டர் உடைஞ்சு கரி வந்திருக்கு, புது வால்வும் அதே மாதிரி கரி சிக்கி மூடாம நிக்கும். போட்ட பிறகு ஸ்கேனரில் பழைய ஃப்யூயல் ட்ரிம்மை அழிச்சுட்டு, ஏசி, லைட் எல்லாம் ஆஃப்ல வச்சு ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடுற வரை ஐட்லிங்கில் விடுங்க.