ஆங்கில வழியில் சேர்த்த பிள்ளைகள்: நம்ம கடற்கரைப் பக்கத்து அனுபவங்கள்

மண்டபம் பக்கம், நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு பரவலாக வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பதால் சேர்க்கைக்கு அவர்களே வருவார்கள். "இங்கிலீஷ் மீடியத்துல போடுங்க டீச்சர்" என்பதுதான் முதல் பேச்சு. தனியார் பள்ளிக்குக் கட்ட முடியாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. என் குறையெல்லாம், பிரிவு இரண்டானபோது ஆசிரியர் இரண்டாகவில்லை என்பதுதான். பல ஊர்களில் இரண்டு வழிப் பிள்ளைகளுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர்.

அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏன் கூடுதலாக ஏறுகிறது என்று ஒரு பையனிடம் கேட்டேன். நிலா இழுக்கிறது, சூரியனும் நேர்கோட்டில் சேர்ந்து இழுக்கிறது, மறுபடி தண்ணீர் வற்றும்போது பாசி எடுக்க அம்மா கிளம்பிவிடுவார் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நோட்டிலும் ஆங்கில விடை பிழையில்லாமல் இருந்தது, கைடு பார்த்து எழுதியது. அதில் எந்த வரி நிலாவைப் பற்றியது என்று கேட்டதும் வாயே திறக்கவில்லை.

இப்போது பாடத்தை முதலில் தமிழில் பேச விடுகிறேன். அப்புறம் முக்கியமான ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுவேன். அதைப் பார்த்து அவர்களே சொந்தமாக வாக்கியம் எழுத வேண்டும். தப்பும் தவறுமாக வரும், வரட்டும். கீழ் வகுப்புகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரிப்பதும் இதற்கு உதவுகிறது. "இங்கிலீஷ் மீடியத்துல எதுக்குத் தமிழ்ல நடத்துறீங்க?" என்று சண்டைக்கு வந்த பெற்றோரும் உண்டு. அந்தப் பையனைக் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே பேசச் சொன்னேன்.

கீழக்கரை, ஒரு உம்மா:

எங்கள் கதை தலைகீழ். பிள்ளையின் வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார், இவனும் அங்கேதான் படித்தான். ஆங்கிலம் தண்ணீர் பட்டபாடு. வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் இங்கே தமிழ்ப்பாடத்தை விட முடியாது. முதலில் போன பள்ளியில் "இவன் தேற மாட்டான்" என்றார்கள். அடுத்த பள்ளியில் தமிழய்யா கதையை வாசித்துக் காட்டி, புரிந்ததை ஆங்கிலத்திலேயே சொல்ல விட்டார். வாசிப்பு எங்கே பழகினான் தெரியுமா? பஸ் ஸ்டாண்டில். ஏர்வாடி, சாயல்குடி, பரமக்குடி என்று போர்டு போர்டாகப் படிப்பான். டீச்சர் சொல்வதும் இதுவும் ஒன்றுதான் என்று படுகிறது. தெரிந்த மொழியை வாசலில் நிறுத்திவிட்டால் பிள்ளை எதை வைத்துப் படிப்பான்?

தொண்டி, கல்லூரி மாணவி:

சேர்க்கை நேரத்தில் யாரும் சொல்லாத ஒன்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். என்னை இடையில் ஆங்கில வழிக்கு மாற்றினார்கள். குரூப் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் விஷயமே தெரிந்தது. ஆங்கில வழி வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். டீச்சர், என் தம்பி தமிழ்வழியில் பத்து முடித்துவிட்டு பிளஸ் ஒன் ஆங்கில வழியில் அறிவியல் எடுத்திருக்கிறான், திணறுகிறான். என்ன செய்யலாம்?

மண்டபம் ஆசிரியை:

இரண்டு வழிப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்மா. இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல். பாட வரிசை ஒன்றுதான், படத்தைப் பார்த்தே இடத்தைப் பிடித்துவிடலாம். முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொள்ளட்டும், ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது அதற்குப் பிறகு. இயற்பியலில் ஆரம்பிக்கச் சொல், அதில் கணக்கு நிறைய, பாஷை கொஞ்சம். உயிரியலுக்குத்தான் நாள் பிடிக்கும்.