பேலியோ முறையில் ஹங்கேரிய முட்டை லெச்சோ: கசப்பும் நீரும் இல்லாமல் சமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முற்பகல் விருந்துக்கு ஆறு பேர் வருகிறார்கள். அவர்களில் இருவர் தானியம், பால்பொருள், சர்க்கரை ஆகியவற்றை விலக்கும் பேலியோ உணவுமுறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் என்பதால், வெங்காயம், குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றை வதக்கி முட்டை சேர்க்கும் ஹங்கேரிய லெச்சோவைச் சமைக்க எண்ணியிருக்கிறேன். சென்ற வாரம் செய்து பார்த்தபோது பாப்ரிகா தூள் (உலர்ந்த சிவப்பு மிளகாய் வகையின் தூள்) கசந்தது. முட்டை திரண்ட பிறகும் அடியில் நீர் தேங்கி நின்றது. ரொட்டி இருந்தால் அதைத் தொட்டுச் சாப்பிடலாம்; பேலியோவில் அதற்கு வழியில்லை. சோர் கிரீமையும் (புளித்த பாலேடு) விலக்கிவிட்டால் ஹங்கேரியச் சுவை எஞ்சுமா?

மறுமொழி 1:
கடைசி ஐயத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். சோர் கிரீம் இல்லாமல், பாப்ரிகா சேர்த்த ஹங்கேரியக் கோழிக் குழம்பான கோழி பாப்ரிகாஷ் செய்ய முடியாது. லெச்சோவுக்கு அது தேவையே இல்லை. பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் பாப்ரிகாவும் சேர்ந்து தருவதுதான் இதன் சுவை. மூன்றுமே பேலியோவுக்கு ஏற்றவை. சில வீடுகளில் சேர்க்கும் அரிசியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கசப்பு, தூள் கருகியதால் வந்தது. இனிப்பு பாப்ரிகாவில் இயற்கையான சர்க்கரை இருப்பதால் சூடான கொழுப்பில் சில நொடிகளிலேயே கருகிவிடும். ஆனால் அதன் நிறம் கொழுப்பில்தான் கரையும் என்பதால், கொழுப்பில் சேர்க்காமலும் இருக்க முடியாது. ஆகவே வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வந்ததும் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, தூளைத் தூவிக் கிளறி, உடனே குடைமிளகாயைக் கொட்டிவிடுங்கள். ஹங்கேரியின் செகெட் அல்லது கலோச்சா வட்டாரத் தூள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். புகையூட்டிய பாப்ரிகா ஸ்பெயினுக்கு உரியது. அதைச் சேர்த்தால் உணவின் குணமே மாறிவிடும்.

மறுமொழி 2:
நீர் தேங்குவதற்குத் தக்காளி மிகுதியானதே காரணமாக இருக்கலாம். நான் ஆறு பேருக்கு 1 கிலோ குடைமிளகாய், 500 கிராம் தக்காளி, 300 கிராம் வெங்காயம், 3 மேசைக்கரண்டி கொழுப்பு, ஒன்றரை மேசைக்கரண்டி பாப்ரிகா என்று எடுத்துக்கொள்வேன். ஹங்கேரியில் வெளிர்மஞ்சள் இனிப்பு மிளகாயைப் பயன்படுத்துவார்கள். அது இல்லாவிட்டால் மஞ்சள் அல்லது சிவப்புக் குடைமிளகாயைச் சேருங்கள், பச்சையில் சற்றுக் கசப்பு உண்டு. முதலில் மூடி வேகவைத்து, பிறகு மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு சில நொடிகள் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதுவரை முட்டையைத் தொடாதீர்கள்.

மறுமொழி 3:
ஹங்கேரியர் பெரும்பாலும் முட்டையை இலேசாக அடித்து ஊற்றிக் கிளறுவார்கள். 12 முட்டைகளை ஊற்றி, மெல்லிய தீயில் கிளறி, முழுவதும் இறுகுவதற்குச் சற்று முன்பே இறக்கிவிடுங்கள். மீதியை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும். கோல்பாஸ் என்னும் ஹங்கேரியத் தொத்திறைச்சி சேர்ப்பதானால், அதில் சர்க்கரையோ மாவுச்சத்தோ கலந்திருக்கிறதா என்று உறையில் படித்துப் பாருங்கள். மற்றொன்றும் முக்கியம்: தன்னெதிர்ப்பு நோயாளிகளுக்கான (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய் உள்ளவர்களுக்கான) பேலியோ முறையில் தக்காளி, மிளகாய் வகைகள், முட்டை மூன்றுக்குமே இடமில்லை. உங்கள் விருந்தினர் இருவரும் அந்த முறையில் இல்லை என்பதை முன்னதாகவே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இருவரிடமும் இன்றே கேட்டுவிடுகிறேன். காய்கறியை சனிக்கிழமை இரவே வற்றவைத்துவிட்டு, காலையில் முட்டையை மட்டும் சேர்க்கலாமா?

மறுமொழி 2:
தாராளமாகச் செய்யலாம். ஹங்கேரியில் கோடையின் முடிவில் லெச்சோவைச் சமைத்துப் புட்டிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வதே வழக்கம். ஓர் இரவுக்குக் குளிர்பதனப் பெட்டி போதும். காலையில் நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்கிய பிறகு முட்டையை ஊற்றுங்கள்.