வேரடைசல்: தொட்டிக்குள் வேர் நெருங்கிய நிலைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். தொட்டிச் செடியின் வேர்கள் இடமின்றி மண்டிவிடும் நிலையைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற கேள்விக்கு, நம் குழுவின் அம்மையார் ஒருவர் இவ்வாறு எழுதியிருந்தார்:

> 'வேர்ச்சிறை' என்று வைக்கலாமே; கேட்டவுடன் பொருள் விளங்குகிறது.

அம்மையாரின் பரிந்துரை அழகானது. எனினும், சிறை என்றதும் குற்றம் தொட்டியின்மேல் விழுந்துவிடுகிறது. ஆழமற்ற தொட்டியில் மரத்தை வளர்ப்பதோ போன்சாய்க் கலையின் அடிப்படை. நாம் பெயரிட வேண்டியது, மண்ணுக்கும் காற்றுக்கும் இடமில்லாதபடி வேர்கள் மண்டிவிட்ட நிலைக்குத்தான்.

வீட்டுக்குள் பலரும் வளர்க்கும் இச்சி மரத்தையே எடுத்துக்கொள்வோம். நர்சரிகளில் அதை ஃபைகஸ் என்று விற்கிறார்கள். வேர் மண்டிய தொட்டியில் ஊற்றிய நீர் இறங்காமல் மேலே தேங்கும். அல்லது வேர்த்திரளுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே வழிந்து, நடுப்பகுதியை நனைக்காமலேயே அடித்துளை வழியாக வெளியேறிவிடும். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளித்து உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால், வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வளைந்து சுற்றி, பாய்போல் பின்னிக் கிடக்கும். காற்றுக்குமிழி அடங்கும்வரை தொட்டியை நீரில் அமிழ்த்தி வைத்தால் நடுப்பகுதி நனையும். ஆனால் அது தற்காலிக உதவியே. மரம் நன்றாகத் துளிர்க்கும் பருவத்தில், சுற்றிய வேர்களைக் கோதிப் பிரித்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து, நீர் எளிதில் வடியும் கலவையில் மீண்டும் நட வேண்டும். இளம் இச்சிக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் இது தேவைப்படலாம். முதிர்ந்த மரம் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கும்.

ஆகவே 'வேரடைசல்' என்பதை முன்மொழிகிறேன். பொருள்கள் நெருங்கிக் கிடக்கும் வீட்டை 'ஒரே அடைசல்' என்று நாம் சொல்வதில்லையா? நோய் என்ற அச்சத்தை ஊட்டாமல், ஒழுங்குபடுத்தினால் தீரும் நிலை என்பதையும் அச்சொல் உணர்த்துகிறது. 'வேரடைசல் நீக்கம்', 'வேரடைசலான தொட்டி' என்று விரித்துக்கொள்ளவும் இடம் தருகிறது. 'வேரடைப்பு' என்றால் வடிதுளை அடைபட்டதாகப் பொருள்கொள்ளக்கூடும். 'வேர்முடிச்சு' ஏற்கெனவே பயறுவகைச் செடிகளின் வேர்க்கணுக்களுக்கும் நூற்புழுத் தாக்குதலுக்கும் வழங்குவதால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது. 'வேர்க்கட்டு' என்று குழுவில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த சொல், கிளைகளை வளைக்கும் கம்பிக்கட்டோடு குழம்பும்.

பதிவுக்கான வரைவு விளக்கம் இது: "வேரடைசல் – தொட்டிச் செடியின் வேர்கள் கொள்கலத்தை முற்றிலும் நிரப்பி, நீரும் காற்றும் ஊடுருவ இயலாதவாறு நெருங்கியிருக்கும் நிலை." இதில் 'முற்றிலும்' என்ற சொல் வேண்டுமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு; ஏனெனில், தொட்டி முழுவதும் நிரம்புவதற்கு முன்பே நீர் இறங்குவது குறைந்துவிடுகிறது. தோட்டக்கலை பயின்றவர்கள் திருத்தம் தந்தால் அதன்படி மாற்றிப் பதிவேன்.