கருவி இல்லாத காலத்து நில அதிர்வை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்):
1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6 என்று படித்தேன். நிலநடுக்கமானி இல்லாத ஊர்களில் தரை எவ்வளவு வலுவாக அதிர்ந்தது என்பதை இன்று எப்படிச் சொல்ல முடிகிறது? எங்கள் ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் ஒல்லியான கல் தூண்களைக் கொண்டு ஏதாவது அறியலாமா?

பதில் 1 (கட்டுமானப் பொறியாளர்):
ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு, அதாவது வெளிப்பட்ட ஆற்றலைக் குறிக்கும் எண், ஒன்றுதான். அதிர்வின் கடுமையோ ஊருக்கு ஊர் மாறும். தூங்கியவர் விழித்தாரா, காரை உதிர்ந்ததா, சுவர் விரிசல் விட்டதா என்று கடிதங்களும் அரசுப் பதிவுகளும் சொல்வதை வைத்து ஒவ்வோர் ஊருக்கும் 12 படிகள் கொண்ட அளவுகோலில் ஒரு படி கொடுக்கிறார்கள். கருவிப் பதிவும் சேத விவரமும் சேர்ந்து கிடைத்த பிற்கால நிலநடுக்கங்களைக் கொண்டு அந்தப் படியை முடுக்கமாக, அதாவது தரையின் வேகம் எவ்வளவு விரைவாக மாறியது என்ற கணக்காக, மாற்றுகிறார்கள். பத்திரிகைக்கு எழுதுவோர் மிகுந்த ஊரே அதிகம் ஆடியதுபோலத் தோன்றுவது இதிலுள்ள தொல்லை.

பதில் 2 (அம்பாசமுத்திரம் வாசகர்):
அண்ணாச்சி கேட்ட தூண் கணக்கு பழைய வழிதான். 1897 ஜூன் 12 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த புவியியலாளர் ஓல்டாம், சாய்ந்த தூண்களையும் கல்லறைக் கற்களையும் அளந்து முடுக்கத்தை மதிப்பிட்டார். பிடிப்பின்றி நிற்கும் சீரான தூணின் அகலத்தை உயரத்தால் வகுத்தால், அதன் அடி ஒருபுறம் தூக்கிக்கொள்ளத் தேவையான பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 30 செ.மீ. அகலமும் 180 செ.மீ. உயரமும் இருந்தால் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.17.

பதில் 3 (பொறியாளர், மீண்டும்):
அந்தக் கணக்கை ஒரு பக்கமாகவே நம்பலாம். தூண் விழுந்திருந்தால் அதிர்வு அந்த முடுக்கத்தையாவது எட்டியது எனலாம். நிற்பதால் எட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் கணநேர உலுக்கலில் தூண் சற்றே ஆடிவிட்டு மீண்டும் அமர்ந்துகொள்ளும். விகிதம் ஒன்றாக இருந்தாலும் சிறிய தூணைவிடப் பெரியது எளிதில் விழாது என்பதை 1963இல் நிலநடுக்கப் பொறியியலாளர் ஹவுஸ்னர் காட்டினார். குழியில் செருகிய கல்லும், இரும்பு முளை வைத்து ஈயம் ஊற்றிய கல்லும் கணக்கில் சேரா. நம் ஊர்ச் சுமைதாங்கியின் கால்களும் மண்ணில் புதைந்தவையே. மேலே கிடத்திய குறுக்குக்கல் இடம் பெயர்ந்திருக்கிறதா என்பதை வேண்டுமானால் பார்க்கலாம். தாமிரபரணி வண்டலில் நிற்கும் கல்லையும் பாறைமேல் நிற்கும் கல்லையும் ஒப்பிடவும் கூடாது. வண்டல் அதிர்வைப் பெருக்கும்.

பழைய பதிவு இல்லாததை வைத்து நிலம் அமைதியானது என முடிவு கட்டுவதும் ஆபத்து. 1993 செப்டம்பர் 30 அன்று அதிர்ந்த மகாராஷ்டிரத்தின் லாத்தூர், இந்தியாவின் அப்போதைய நிலநடுக்க அபாய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுடைய 1ஆம் மண்டலத்தில் இருந்தது. 2002 திருத்தத்தில் அந்த மண்டலமே நீக்கப்பட்டு 2ஆம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டது.